நூறு சதவீதச் சாலை

எங்கள் பள்ளத்தாக்குத் துப்பாக்கி உரிமையாளர் கூட்டமைப்புக்கு இரண்டே கொள்கைகள்தான். ஒன்று, எங்கள் துப்பாக்கிகளைப் பற்றி அரசாங்கத்துக்கு ஒன்றும் தெரியக் கூடாது. இரண்டு, எதையும் முறைப்படி எழுத்தில் வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தின. போன மார்ச்சில்தான் முட்டிக்கொண்டன. நடுவில் நசுங்கியது நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நசுங்கியது ரொவீனா. நான் அவளிடம் பேனா கொடுத்தவன்.

என் பெயர் ஆர்வில். சங்கிலி ரம்பமும் பனிவண்டியும் பழுது பார்ப்பது பிழைப்பு. கூட்டமைப்பில் எனக்கு ஒரு பதவி உண்டு: கெட்டில்குளச் சாலைப் பொறுப்பாளர். அந்தச் சாலையில் உறுப்பினர்கள் இருபத்து நான்கு பேர். தலைவர் எதை அறிவித்தாலும் அதை வீடு வீடாகப் போய்ச் சொல்வேன். சொன்னதைக் கேட்டுக்கொண்டோம் என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வருவேன்.

தலைவர் டெல்மர் ஹஸ்கின்ஸ் முப்பத்தோரு வருடம் வாகனப் பதிவு அலுவலகத்தில் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தபோது எத்தனையோ பேரை "ரெண்டு ஆதாரம் வேணும், ஒண்ணுதான் இருக்கு" என்று திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்ற மறு மாதம் அரசாங்கத்தின் தலையீட்டை எதிர்க்க ஆரம்பித்தார். கூட்டத்தில் மேசையைத் தட்டுவதற்கு ஒரு சுத்தியல் வைத்திருந்தார். உடைந்துபோன துப்பாக்கிக் கட்டையில் கடைந்தது அது.

மசோதா 318 வந்தது. அதில் இரண்டு பாதி. முதல் பாதி தற்காப்பு பற்றியது. எங்கள் மாநிலத்தில் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால்கூட, தப்பி ஓட வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வழி இருந்தும் சுட்டால் நாம்தான் குற்றவாளி. புதிய மசோதா அந்த நிபந்தனையை எடுத்துவிடும். இரண்டாம் பாதி, துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோரும் பெயர், முகவரி, துப்பாக்கி எண் மூன்றையும் மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. முதல் பாதிக்கு நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம், இரண்டாம் பாதிக்குப் பல்லைக் கடித்தோம்.

சனிக்கிழமை மாலை விவசாயிகள் மண்டபத்தில் அவசரக் கூட்டம். அவசரக் கூட்டமானாலும் முதலில் சாப்பாடு. பீன்ஸ் கொட்டையும் பழுப்பு ரொட்டியும் முடிந்து, கொடிக்கு வணக்கம் சொல்லி, போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து, அதில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று ஒருவர் சொல்லி, அதை மாற்றுவதற்கு ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்து, ஒரு மணி நேரம் கழித்து எங்கள் உரிமைக்கு வந்த ஆபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

டெல்மர் எழுந்தார். "போன வருஷம் தலைநகருக்குப் போனோம். நாங்க ஆயிரத்து நூறு பேர்னு சொன்னோம். கமிட்டித் தலைவி என்ன கேட்டாங்க? ஆதாரம் இருக்கான்னு கேட்டாங்க. முப்பத்தோரு வருஷமா நான் கேட்டுக்கிட்டிருந்த கேள்வி அது. என்னையே கேட்டுட்டாங்க!" சுத்தியலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "இந்தத் தடவை ஆதாரத்தோட போறோம். ஒவ்வொரு உறுப்பினரும் பேரு, முகவரி, துப்பாக்கி என்ன கம்பெனி, என்ன நம்பர், வீட்டுல எந்த ரூம்ல இருக்கு, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கறோம். நாம எவ்வளவு பேர்னு அப்பத் தெரியும் அவங்களுக்கு."

மண்டபத்தில் கைதட்டல். நான் கையைத் தூக்கினேன். எனக்கு இந்த வியாதி உண்டு, புரியாவிட்டால் கேட்டுவிடுவேன்.

"தலைவரே, ஒரு சந்தேகம். இதையெல்லாம் அரசாங்கம் கேக்கக் கூடாதுன்னுதானே சண்டை போடப் போறோம்?"

"ஆமா."

"அப்ப நாமளே எழுதி வெச்சா?"

டெல்மர் என்னைப் பரிவோடு பார்த்தார். "ஆர்வில், அரசாங்கம் மிரட்டி வாங்கினா அது அடிமைத்தனம். நாமளே மனசார எழுதினா அது சுதந்திரம். வித்தியாசம் புரியுதா?"

"எந்த ரூம்னு அவங்ககூடக் கேக்கலையே?"

"அதான் சொல்றேன். அவங்க கேக்கறதைவிட அதிகமா குடுக்க நமக்குத் துணிச்சல் இருக்கு."

மறுபடியும் கைதட்டல். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, "உக்காருப்பா, காபி ஆறுது" என்றார். உட்கார்ந்தேன்.

படிவம் நான்கு பக்கம். எல்லாம் சேர்ந்த பிறகு டெல்மர் வீட்டு இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படும் என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தது. உறுப்பினர் அத்தனை பேரிடமும் படிவம் வாங்கி முதலில் கொண்டுவரும் சாலைக்கு 'நூறு சதவீதச் சாலை' என்று பட்டயமும், பொறுப்பாளருக்கு ஒரு முழுப் பன்றித்தொடையும் பரிசு. மேப்பிள் பாகு தடவிப் புகையில் வாட்டியது. எனக்கு அதன் மேல் ஒரு கண் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் இருபத்து மூன்று படிவங்கள் வாங்கிவிட்டேன். இருபத்து நான்காவது ரொவீனா.

ரொவீனா காலி பாட்டில் திரும்ப வாங்கும் கடையில் வேலை பார்க்கிறாள். நான்கு வருடத்துக்கு முன் முன்கண்ணாடி உடைந்த ஒரு காரில் தெற்கிலிருந்து வந்தவள். இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது, அதனால் பாட்டில்களை வலது கையாலேயே பிரித்துப் போடுவாள். மணிக்கட்டை அப்படி ஆக்கியவன் ராய்ஸ், அவளுடைய முன்னாள் புருஷன். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத் தடை உத்தரவு இருந்தது. ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது. உண்மையில் அவளைக் காப்பாற்றியது அதுதான். தபால் பெட்டியில் அவள் பெயர் கிடையாது. தொலைபேசி வேறு யார் பெயரிலோ. கூட்டமைப்பில் சேர்ந்தபோதுகூடக் கடை முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். எங்கள் சாலையில் இது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வெளியே வாய் திறந்ததில்லை. அந்த விஷயத்தில் நல்ல சாலை.

முதலில் படிவத்திலும் கடை முகவரியையே எழுதிக் கொடுத்தாள். டெல்மர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். துப்பாக்கி கடையில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா? வீட்டில் என்றால் வீட்டு முகவரி. நான் மறுபடியும் அவள் வீட்டுக்குப் போனேன். பனி உருகிய மார்ச் சேறு, முழங்கால் வரை.

"வேண்டாம் ஆர்வில். என் ஒரு ஃபாரம் இல்லேன்னா என்ன குறைஞ்சிடும்?"

"நூறு சதவீதம் குறைஞ்சிடும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இது எங்க போகும்?"

"டெல்மர் வீட்டு இரும்புப் பெட்டிக்கு. இங்க அச்சடிச்சே இருக்கு பாரு."

"அங்கேயே இருக்குமா?"

"வேற எங்க போகும்? அரசாங்கத்துக்கு எதையும் சொல்லக் கூடாதுங்கற ஆளுங்க இவங்க. இவங்களைவிடப் பத்திரமான இடம் உனக்கு எங்க கிடைக்கும்?"

அவள் யோசித்தாள். மசோதாவின் முதல் பாதி அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கூட்டமைப்பில் சேர்ந்தாள். "என் வீட்டுக்கு ஒரே வாசல் ஆர்வில். அவன் வந்தா அந்த வாசல்லதான் நிப்பான். ஓட வழி இருக்கான்னு பாக்கணுமாம். அவனைத் தாண்டி எங்க ஓடறது? ஜட்ஜ் வந்து காட்டுவாரா?"

"அதுக்குத்தான் எல்லாரும் போறோம். நீ எழுதினா இன்னும் ஒரு குரல்."

பேனாவை நீட்டினேன். எழுதினாள். கெட்டில்குளச் சாலை, 19. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, ஒன்று. எந்த அறை என்ற இடத்தில் 'சமையலறை, கதவுக்குப் பின்னால்' என்று எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரியா?" என்றாள்.

"சரி" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். அவளுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

மசோதா மேல் கமிட்டி வைத்த கருத்துக் கேட்பு நாளன்று ஏழு பேருந்துகளில் தலைநகருக்குப் போனோம். எல்லோர் தலையிலும் வேட்டைக்காரரின் ஆரஞ்சுத் தொப்பி. சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒப்படைக்க வேண்டும். காவலர் ஒரு மேசை போட்டு ஒவ்வொருவர் பெயர், முகவரி, துப்பாக்கி எண் எழுதிக்கொண்டு வில்லை கொடுத்தார். பதிவேட்டை எதிர்க்க வந்த முந்நூற்று இருபது பேரும் ஒரு முணுமுணுப்பில்லாமல் வரிசையில் நின்று பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். டெல்மர் வரிசையை ரசித்துப் பார்த்தார்.

"எவ்வளவு நேர்த்தியா நடத்தறாங்க பாரு. நம்ம ஆபீஸ்லகூட இப்படி இருந்ததில்ல" என்றார்.

உள்ளே ஆளுக்கு இரண்டு நிமிடம். மூன்று மணி நேரம் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்டேன். பிறகு டெல்மர் முறை. இரண்டு பேர் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் தோல் அட்டை போட்ட மூன்று தொகுதிகள். சாலை வாரியாக, அகர வரிசையில், ஓரத்தில் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தது. அட்டையில் பொன் எழுத்தில் 'நாங்கள் எந்தப் பட்டியலுக்கும் அடங்க மாட்டோம்' என்றும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'பெயர், முகவரி விவரங்களுடன்' என்றும் போட்டிருந்தது.

இரும்புப் பெட்டகத்தில் இருக்க வேண்டிய படிவங்கள்.

"தலைவி அவர்களே, ஆதாரம் கேட்டீங்க. இதோ ஆதாரம். இதை சபைக் குறிப்புல சேர்க்கணும்."

கமிட்டித் தலைவி முதல் தொகுதியைப் புரட்டினார். அவர் எங்கள் எதிரி என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் எங்களைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"மிஸ்டர் ஹஸ்கின்ஸ், குறிப்புல சேர்த்தா இது பொது ஆவணம். யார் வேணும்னாலும் வெப்சைட்ல படிக்கலாம். தெரியுமில்ல?"

"படிக்கட்டும்! அதுக்குத்தானே கொண்டுவந்தோம்."

"இன்னொரு தடவை கேக்கறேன். நிச்சயமாவா?"

"நாங்க ஒளிஞ்சு வாழறவங்க இல்ல மேடம். ஒரு வரிகூட விடாம சேருங்க."

நான் எழுந்து நின்றேன். "ஒரு நிமிஷம்" என்றேன். பேச விரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் நீலச் சீட்டு கொடுத்திருக்க வேண்டும் என்று காவலர் சொன்னார். என்னிடம் நீலச் சீட்டு இல்லை. அறைக்குள் கைதட்டத் தடை என்பதால் முந்நூறு ஆரஞ்சுத் தொப்பிகள் காற்றில் ஆடின. அதற்குப் பின்னால் நான் நின்றது யார் கண்ணுக்கும் படவில்லை.

அரை மணி நேரத்தில் கமிட்டி முடிவு சொன்னது. கண்ணாடி போட்ட ஒரு உறுப்பினர் பட்டியலிலிருந்து தலை தூக்காமலே பேசினார். "எந்த ரூம்னுகூட இருக்கு! நாம இதைக் கேக்கணும்னு நமக்குத் தோணவே இல்லையே." பதிவேடு ஏற்கெனவே கையில் வந்துவிட்டதால் பதிவேடு கேட்கும் இரண்டாம் பாதி தேவையில்லை என்று நீக்கினார்கள். முதல் பாதி தனியாக நிற்க முடியாது, விரிவாக ஆராய வேண்டும் என்று துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். துணைக்குழு அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் கூடும்.

"ஜெயிச்சிட்டோம்!" என்று டெல்மர் பேருந்தில் ஏறிக் கத்தினார். "இனிமே இந்த மாநிலத்துல துப்பாக்கிப் பதிவே கிடையாது!" ஏழு பேருந்துகளும் ஊர் வரை ஒலியெழுப்பிக்கொண்டே வந்தன. நான் கைபேசியில் பார்த்தேன். இரண்டாம் தொகுதி, பக்கம் 206, ஏழாவது வரி. 'சமையலறை, கதவுக்குப் பின்னால்' என்பது வரை பளிச்சென்று தெரிந்தது. அவள் பெயரைத் தட்டினால் முதலில் அதுதான் வந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போய்ச் சொன்னேன். ரொவீனா கையிலிருந்த பாட்டிலைக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் போட்டாள்.

"நீதானே சொன்ன, இரும்புப் பெட்டின்னு."

"ஆமா."

"அழிக்க முடியுமா?"

"அழிக்க வெச்சிடறேன்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

முதலில் தலைநகர். சபைக் குறிப்பு அலுவலகத்தில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். நல்ல மனுஷி. என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார்.

"எடுக்கலாம் தம்பி. அதுக்கு ஒரு மனு இருக்கு. சம்பந்தப்பட்டவங்களே எழுதணும். எந்தப் பேரை, எந்த முகவரியை எடுக்கணும், ஏன் எடுக்கணும், யாரால ஆபத்து, எல்லாம் விவரமா."

"எழுதினா எடுத்துடுவீங்களா?"

"உடனே எப்படி? அந்த மனுவை முப்பது நாள் வெப்சைட்ல போடணும். ரெண்டு வாரம் பேப்பர்லயும் வரணும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லணுமில்ல?"

"மனுவில முகவரி இருக்குமே அம்மா."

"எந்த முகவரியை எடுக்கறோம்னு மக்களுக்குத் தெரியணுமே."

"மனு ஏத்துக்கிட்ட அப்புறம் அந்த மனுவை எடுத்துடுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனு பொது ஆவணம்பா. அதை எடுக்கறதுக்குத் தனி மனு இருக்கு."

இரண்டாவது மிட்டாயும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வழிதான் மிச்சம். ஆவணத்தைத் தாக்கல் செய்தவரே, அதாவது கூட்டமைப்பே, மொத்தப் பட்டியலையும் திரும்பப் பெறலாம். அதற்கு மனு வேண்டாம், தலைவர் கையெழுத்து போட்ட ஒரு வரிக் கடிதம் போதும். அடுத்த சனிக்கிழமை வெற்றி விருந்து. பீன்ஸ் கொட்டையோடு ஆப்பிள் பணியாரமும் இருந்தது. நான் எழுந்து, பட்டியலைத் திரும்பப் பெறத் தீர்மானம் முன்மொழிகிறேன் என்றேன்.

மண்டபத்தில் ஸ்பூன் சத்தம் நின்றது.

"ஜெயிச்ச ஆயுதத்தைத் திருப்பி வாங்கணுமா?" என்றார் டெல்மர்.

"ஒரு பொம்பளையோட உசிரு தலைவரே. அவ புருஷன் அவளைத் தேடிக்கிட்டிருக்கான். அவ எங்க இருக்கான்னு நாமதான் சொல்லியிருக்கோம்."

"முன்னாள் புருஷன்" என்று செயலாளர் திருத்திக் குறிப்பில் எழுதினார்.

டெல்மர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எனக்கும் மனசு இருக்கு ஆர்வில். ஆனா யோசிச்சுப் பாரு. அவகிட்டத் துப்பாக்கி இருக்கு. அது லிஸ்ட்லயும் இருக்கு. அவன் முகவரியைப் படிச்சிருந்தா பக்கத்துக் கட்டத்தையும் படிச்சிருப்பான். சமையலறைக் கதவுக்குப் பின்னால துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சும் எவனாவது அந்த வாசல் வழியா வருவானா?"

"வர மாட்டான். படுக்கையறை ஜன்னல் வழியா வருவான். துப்பாக்கி அங்க இல்லைன்னும் அதே கட்டத்துலதானே போட்டிருக்கு?"

டெல்மர் சுத்தியலைத் தட்டினார்.

"உறுப்பினர் தலைவரை நேரா பாத்துக் கேள்வி கேக்கக் கூடாது. விதி பதினொண்ணு. தீர்மானம் கொண்டுவர பத்து நாள் முன்னால எழுத்துல குடுக்கணும். விதி நாலு. அதுல பாதிக்கப்பட்டவங்க பேரும் முகவரியும் இருக்கணும், ரெண்டு பிரதி, ஒண்ணு அறிவிப்புப் பலகைக்கு. விதி ஆறு."

"யாராவது வழிமொழியுங்க" என்று நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் தெரிந்த முகங்கள். இவர்கள் வீட்டு ரம்பத்துக்கெல்லாம் நான்தான் பல் தீட்டுகிறேன். கெட்டில்குளச் சாலைக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகை. வழிமொழிய ஆளில்லாததால் நான் பேசியதையே குறிப்பிலிருந்து நீக்கினார்கள். எங்கள் கூட்டமைப்பு எதையாவது நீக்கி நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் புதன்கிழமை பாட்டில் கடைக்கு ஒரு தொலைபேசி வந்தது. "ரொவீனா இன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டுவிட்டு வைத்துவிட்டது. வியாழக்கிழமை எங்கள் சாலை முனையில், வெளி மாநிலத்து எண் போட்ட சிவப்பு டிரக் ஒன்று இன்ஜின் அணையாமல் இருபது நிமிடம் நின்றது. ஷெரிஃப் அலுவலகத்தில் சொன்னாள். சாலையில் வண்டி நிறுத்துவது குற்றமில்லை, வீட்டுக்கு வந்தால் கூப்பிடுங்கள் என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து எங்கள் சாலைக்கு நாற்பது நிமிடம், சேற்றில் ஐம்பது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வீட்டில் யாரும் இல்லை. திரைச்சீலைகள்கூட இல்லை. எங்கே போனாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்னிடம் சொல்லாமல் போனது வலிக்கவும் செய்தது. இரண்டையும் மறைக்க என்ன இருக்கிறது.

மூன்று வாரம் ஓடியது. சேறு காய்ந்து கறுப்பு ஈ வரத் தொடங்கியது. ஒரு நாள் கூட்டமைப்பின் வண்டி என் பட்டறை வாசலில் நின்று ஒரு பெரிய பொட்டலமும் உறையும் கொடுத்துவிட்டுப் போனது. பொட்டலத்தில் பன்றித்தொடை. உறைக்குள் பட்டயமும் டெல்மரின் கடிதமும்.

'அன்புள்ள ஆர்வில், கூட்டத்தில் நடந்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் சாலை உறுப்பினர் ரொவீனாவுக்கு அனுப்பிய செய்தி மடல், அவருடைய புதிய முகவரியைக் குறித்துத் தபால் நிலையத்திலிருந்து நமக்குத் திரும்பி வந்தது. இடம் மாறியதைத் தெரிவிக்காதது உறுப்பினரின் கவனக்குறைவே ஆயினும், பொது ஆவணத்தில் தவறான தகவல் இருப்பது நம் கூட்டமைப்புக்கு அழகல்ல. எனவே திருத்திய பக்கத்தைத் தலைநகருக்கு உடனே அனுப்பி ஏற்றிவிட்டோம். துப்பாக்கி எந்த அறையில் என்பது மட்டும் தெரியாததால் அந்தக் கட்டம் காலியாக உள்ளது. கேட்டு எழுதி அனுப்பவும். கெட்டில்குளச் சாலை இன்றும் நூறு சதவீதம். வாழ்த்துகள்.'

கீழே முகவரி இருந்தது. கிழக்கே கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய ஊர். வண்டியில் நாலரை மணி நேரம். ரம்பத்தைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பொட்டலம் எப்படி வண்டியில் ஏறியது என்று நினைவில்லை.

மீன் உலர்த்தும் கொட்டகைக்கு மேலே ஓர் அறை. மாடிப்படி வெளியே. தட்டினேன், பெயரைச் சொன்னேன், மறுபடியும் சொன்னேன். கதவு நாலு விரல் திறந்தது. முதலில் தெரிந்தது இரட்டைக்குழல், பிறகு அவள் கண்.

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"திரும்பவுமா?"

"திருத்திப் போட்டிருக்காங்க."

"எப்ப?"

"ரெண்டு நாள் ஆகுது."

அவள் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலில் பழைய வீட்டுத் திரைச்சீலைகள். அப்போதுதான் தைத்து அளவு குறைத்திருந்தாள். ஊசி இன்னும் துணியில் குத்தியிருந்தது.

"தபால் ஆபீஸ்ல மட்டும்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். "தடை உத்தரவை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கோர்ட்லேர்ந்து கடிதம் வரும். அது வந்து சேரலேன்னா உத்தரவு செத்துப் போயிடும். அதுக்காக எழுதினேன்."

"இந்தத் தடவை?"

"எழுத மாட்டேன். சாகட்டும்." திரைச்சீலையைக் கம்பியிலிருந்து உருவினாள்.

மூன்று பெட்டிகள்தான். நான் இரண்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன், மடங்காத கையோடு அவள் ஒன்றை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். "மன்னிச்சிடு ரொவீனா" என்றேன். அவள் தன் காரின் கதவைத் திறந்தாள். துப்பாக்கியை முன் இருக்கையில் வைத்தாள். என் வண்டியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"பரிசு" என்றேன். "நூறு சதவீதத்துக்கு."

பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். எடுத்து என் தலையில் போடுவாள் என்று நினைத்தேன், போட்டால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"குடு" என்றாள். "வழியில எங்கேயும் இறங்கி சாப்பிட முடியாது."

கொடுத்தேன். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தால் வடக்கே ஒரு சாலை, தெற்கே ஒரு சாலை. நான் கொட்டகைச் சுவர் பக்கம் திரும்பி, கண்களை மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நூறு வரை எண்ணினேன். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், என்றைக்காவது ஒரு நாள் யாராவது ஒரு படிவத்தை நீட்டி மரியாதையாகக் கேட்பார்கள், நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்.